காசுக்கட்டிக் கொப்பரையில் எபனேசர்

போர்த்காரோ,
கார்ன்வால் கடற்கரை,
சனிக்கிழமை பிற்பகல்.

அன்புள்ள தம்பி பாஸ்கோவுக்கு,

இன்று காலை எழுந்ததும் முதல் வேலையாக, சமையலறைத் தரையில் இரவெல்லாம் சொட்டியிருந்த கடலை ஒரு சாக்குத்துணியால் துடைத்தேன். செம்பழுப்பு நிறக் கடல். கொடியில் அதற்கு மேலே எஞ்சிய கடலும் ஒரு படகும் காய்ந்துகொண்டிருந்தன. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தக் கடிதம். ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறதே. முதலில் அதை முடித்துவிடுகிறேன். நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் அந்த ஆஸ்திரேலியத் தாமிரச் சுரங்க ஊரில், தூசியைத் தவிர வேறு குறையில்லாமல் இருக்க ஆண்டவரை வேண்டுகிறேன். இங்கே நாங்கள் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். பொய் எழுதக்கூடாது என்று பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற கை, அந்த இடத்தில் நின்றுவிட்டது. ஆகவே, உயிரோடு இருக்கிறோம். மற்றதை நீயே படித்து ஒரு பெயர் வைத்துக்கொள்.

வசந்த காலத்தில் அப்பா நம் படகு எபனேசரின் சுக்கானைப் பிடித்தபடியே மயங்கிச் சாய்ந்ததையும், ஹானிபல் அவரைத் தாங்கிப் பிடித்துக் கரைக்குக் கொண்டுவந்ததையும் முன்பே எழுதியிருந்தேன். அதற்குப் பிறகு டாக்டர் வந்தார். அப்பாவின் மார்பில் காதை வைத்துக் கேட்டார். மீனவரிடம் மீனவர் பாஷையில் பேசினால் புரியும் என்று நினைத்தார் போலிருக்கிறது; "உங்க இதயம் நைஞ்ச கயிறு மாதிரி இருக்கு பெரியவரே, இனிமே கடலுக்குப் போகக் கூடாது" என்றார். அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "நைஞ்ச இடத்தைப் பிரிச்சுப் பின்னினா புதுக் கயித்தைவிட உறுதியா நிக்குமே. டாக்டர் எப்பவாவது பின்னிப் பாத்திருக்காரா?" என்று கேட்டார். டாக்டர் பிறகு என்னைத் தனியே அழைத்து, இன்னொரு மழைக்காலம் கடலுக்குப் போனால் திரும்பி வருவார் என்று தன்னால் சொல்ல முடியாது என்றார். அப்பாவின் சித்தப்பா மகளின் பிள்ளை ஹானிபல், சுக்கானுக்கு எப்போதோ தயார், கேட்கத்தான் தைரியமில்லை. "நான் கேட்டா மாமா என்னைத் தூக்கித் தண்ணியில போட்டுருவாரு அக்கா. நீங்க படிச்சவங்க, நீங்க கேளுங்க" என்றான். படித்தவர்களைத் தண்ணீரில் போடமாட்டார்கள் என்பது இந்த ஊரின் நம்பிக்கை.

அந்தச் சமயத்தில்தான் உன் பழைய அறைக்கு ஓர் ஓவியர் குடிவந்தார். திரு. கார்னபி என்று பெயர். நீ இருந்தபோது ஊரில் ஓவியர்கள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது துறையில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அதை வரைய யாராவது ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். கார்னபி நல்லவர்; எப்போதும் ஜலதோஷத்தில் இருப்பவர். ஒரு நாள் இராச்சாப்பாட்டில் நான் வழக்கம்போல அப்பாவிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன். அப்பா சலித்துப்போய், "எந்நேரமும் எபனேசரைப் பாத்துக்கிட்டே இருக்க முடிஞ்சா நான் ஏம்மா கடலுக்குப் போறேன்?" என்றார். நான் கார்னபியைப் பார்த்தேன். கார்னபி இறைச்சி அடைத்த பேஸ்ட்டியைக் கடித்துக்கொண்டிருந்தார். "எபனேசரை வரைஞ்சு இந்தச் சுவத்துல மாட்டிட்டா, சுக்கானை ஹானிபல்கிட்டக் கொடுத்துடுவீங்களாப்பா?" என்று கேட்டேன். அப்பா நெடுநேரம் சுவரைப் பார்த்தார். "படம் சுவத்துல இருக்கிற வரைக்கும் நான் கரையில இருக்கேன்" என்றார். அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியும். ஜெபக்கூடத்து மனிதர், வாக்குத் தவறமாட்டார். நான் அன்று உள்ளூர என் கெட்டிக்காரத்தனத்தை மெச்சிக்கொண்டேன். பிடிவாதக் குழந்தையின் கையிலிருந்து ஒன்றை வாங்க வேண்டுமானால் முதலில் வேறொன்றைக் கொடுக்க வேண்டும் என்று ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். குழந்தைக்கு வெள்ளைத் தாடி இருந்தால் என்ன செய்வது என்று அந்தப் பாடத்தில் இல்லை.

கார்னபி பெரிய கித்தானைச் சட்டத்தில் இழுத்து ஆணியடித்து, முக்காலியைத் துறைமேட்டில் நட்டார். அன்று தொடங்கியது தொல்லை. அவர் எபனேசரின் பாய்மரத்தை வரைவதற்குள் கடலேற்றம் வந்து படகுகள் கிளம்பிவிடும். "நில்லுங்க! யாரும் அசையாதீங்க!" என்று அவர் துறையிலிருந்து கத்துவார். ஹானிபல் படகிலிருந்து, "அலையை நிக்கச் சொல்லுங்க ஐயா, அது நின்னா நாங்களும் நிக்கிறோம்" என்பான். இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம் அப்பா. தன் படகைப் படமாக வரைகிறார்கள் என்றதும் அவருக்கு அது அழுக்காக இருப்பது பொறுக்கவில்லை. கார்னபி படகைக் கறுப்பாக வரைந்து முடித்த மறுநாள் அப்பா படகின் விளிம்பில் நீலக் கோடு போட்டார். கார்னபி நீலக் கோட்டை வரைந்ததும், "நீலம் கொஞ்சம் தூக்கலா இருக்குல்ல?" என்று அதை வெள்ளையாக்கினார். அப்புறம் பெயரெழுத்துகளைப் பெரிதாக்கினார். இப்படியே போனால் படம் முடியாது என்று நான் சண்டை போட்ட பிறகுதான் வண்ண டப்பாவை மூடினார். அவர் வேண்டுமென்று செய்தாரா, பெருமையில் செய்தாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. கேட்டால் அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.

படகுகள் அசையாமல் நிற்கிற நாள் ஒன்று உண்டு என்று கார்னபி கண்டுபிடித்தார். ஞாயிற்றுக்கிழமை. தம்பி, அந்த மனிதரை நான் எச்சரித்திருக்க வேண்டும். நான் ஞாயிறு பள்ளியில் இருந்தேன். ஆராதனை முடிந்து ஊரே வெளியே வருகிறது, ஓய்வுநாளில் ஒருவர் துறைமேட்டில் தூரிகையோடு உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருக்கிறார். நமக்கு ஞாயிறு வலையைத் தொட்டாலே கை பொசுங்கும். சகரியா மாமா — உனக்கு நினைவிருக்கும், ஜெபக்கூடத்தின் மூத்த கண்காணி, இப்போது முன்னைவிட அகலம் — நேரே போய் கார்னபிக்கும் எபனேசருக்கும் நடுவில் நின்றுகொண்டார். கையால் தொடவில்லை, திட்டவில்லை. நின்று கீதம் பாடினார். கார்னபி இடப்பக்கம் நகர்ந்தால் மாமாவும் நகர்ந்தார். பின்னால் பெண்கள் சேர்ந்து பாடினார்கள். "நான் வேலை செய்யலைங்க, படம் போடுறேன்" என்றார் கார்னபி. "அப்படின்னா காசு வாங்காம சும்மா போடுறீங்களா?" என்று மாமா இரண்டு சரணங்களுக்கு நடுவில் கேட்டார். கார்னபி யோசித்துப் பார்த்துவிட்டு முக்காலியை மடக்கினார்.

பிறகு மற்ற படகுக்காரர்கள். எபனேசர் மட்டும் முன்னால் இருப்பானேன்? என் படகு ஏன் பின்னால் ஈசல் மாதிரி இருக்கிறது? ஒருவர் காற்று மேற்கிலிருந்து வரவேண்டும் என்றார். இன்னொருவர் அந்த மேகத்துக்குத் தென்மேற்குதான் என்றார். இருவரும் கார்னபியின் முதுகுக்குப் பின்னால் நின்று, போன வருடத்துக்கு முந்தைய ஏதோ ஒரு புயலைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டார்கள். அவர் ஒரு நாள் பாயை இடப்பக்கம் உப்பவிட்டார், மறுநாள் வலப்பக்கம். கடைசியில் காற்றே இல்லாத சாயங்காலமாக மாற்றிவிட்டார். எல்லோருக்கும் சமமாக அதிருப்தி என்பதால் ஊர் அமைதியானது.

முடிகிற நேரத்தில் அவர் ஒரு காரியம் செய்தார். எபனேசரின் முன்பக்கம், கூடையோடு ஓர் இளம்பெண்ணை உட்காரவைத்து வரைந்துவிட்டார். படத்துக்குக் கண் நிற்க ஓர் இடம் வேண்டுமாம். அப்பா அதைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. "யார் இவ?" "சும்மா ஒரு பெண், திரு. ஜேபஸ்." "என் படகுல பொம்பளை ஏறினதே கிடையாது. மீன் ஒண்ணு கிடைக்காது. இவ எப்ப இறங்குவா?" "அவ இறங்கமாட்டா, அது படம்." "அப்ப வலை போடுறதுக்கு முன்னாடியாவது இறக்கிவிடுங்க." கார்னபி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். பள்ளிக்கூடத்தில் நாள் முழுவதும் கூச்சலைக் கேட்டுவிட்டு வருகிறவளுக்கு, ஒரு மாலையில் இவ்வளவுதான் செய்ய முடியும்.

ஆனாலும் படம் முடிந்தது, தம்பி. கூடத்துச் சுவரில் மாட்டினோம். அப்பா எழுந்து நின்று, ஹானிபலின் கையைப் பிடித்து, "படகு உன்னுது. மத்தியைத் துரத்திக்கிட்டு ரொம்பத் தெற்கே போகாதே" என்று மட்டும் சொன்னார். ஹானிபல் அழுதான். நான் அன்றிரவு பல மாதங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை அப்பா நாற்காலியைத் தூக்கிவந்து படத்துக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தார். அப்படியே இருந்தார். வெளியே காற்று திரும்பினால் நாற்காலியைத் திருப்புவார். படத்தில் சுக்கானைப் பிடித்திருக்கும் விரற்கடை உருவத்தைப் பார்த்து, "தளர்த்துடா, தளர்த்துடா" என்பார். நான் பள்ளிக்குப் போகும்போதும் அங்கேதான், வரும்போதும் அங்கேதான். வைத்த கஞ்சி வைத்தபடி ஆடை கட்டியிருக்கும். குங்குமப்பூ ரொட்டி செய்து கொடுத்தேன். அதிலிருந்த திராட்சையைப் பொறுக்கி ஜன்னலில் வரிசையாக வைத்து, படகுகள் எந்த ஒழுங்கில் திரும்புகின்றன என்று கணக்குப் பார்த்தார். ஒரு நாள் பள்ளிக்கூட ஜன்னலில் வந்து நின்றார். "என்னப்பா?" என்றேன். "ஒண்ணுமில்ல, நீ உன் வேலையைப் பாரு" என்றார். பாடம் முடிகிறவரை நின்றார். அவர் அதட்டாத வீடு எப்படியிருக்கும் என்று உனக்குத் தெரியாது. கடிகாரச் சத்தம் கேட்கிறது. டாக்டர் வந்து பார்த்து, நாடி சீராக இருக்கிறது, நல்ல முன்னேற்றம் என்றார்.

இலையுதிர் காலம் வந்தது. கூடத்துச் சுவர் எப்போதும்போல வேர்த்தது. படத்தின் ஒரு மூலையில் பூஞ்சணம் புள்ளி வைத்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அப்பா கவனித்தார். அவருக்கு வேறு என்ன வேலை?

நேற்று வெள்ளிக்கிழமை, ஊரில் பாய்க்குச் சாயம் போடுகிற நாள். கீழ்த்திசையிலிருந்து கப்பலில் வருகிற காசுக்கட்டியைப் பெரிய கொப்பரையில் கொதிக்கவிட்டு, பாயையும் வலையையும் முக்கி எடுத்தால் உப்பும் ஈரமும் அரிக்காது. அது நமக்குத் தாய்ப்பாலோடு வந்த சங்கதி. இந்த ஊரில் சாயம் போடாத கித்தான் என்று ஒன்று இருந்தால், அதை இன்னும் யாரும் பார்க்கவில்லை என்றுதான் அர்த்தம். நான் பள்ளிவிட்டு வருகிறேன். சாயக் கொட்டகைக்கு வெளியே கம்பியில் வலைகள் தொங்குகின்றன, சகரியா மாமாவின் முன்பாய் தொங்குகிறது, அதற்குப் பக்கத்தில் எபனேசர் தொங்குகிறது.

அப்பா சட்டத்திலிருந்து ஆணிகளைக் கழற்றி, ஒவ்வொன்றாகத் துடைத்துக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, படத்தைக் கொண்டுபோய் முக்கியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்து, "வாம்மா டீச்சரம்மா. நல்லவேளை, நான் பாத்தேன். மூலையில பூத்துப்போச்சு. இன்னும் ஒரு மழைக்காலம் விட்டிருந்தா கிழிஞ்சு கையோட வந்திருக்கும்" என்றார்.

"அப்பா, அது படம்!"

"கித்தான்தானே? தடவிப் பாத்தேன், நயமான கித்தான். அவ்வளவு நல்ல சரக்கைப் பச்சையா தொங்கவிட்டிருக்காரு அந்த மனுஷன். அதுல பாய் மட்டும் சாயம் போட்ட மாதிரி தெரிஞ்சுது. விரலை வச்சுப் பாத்தேன், சாயமே இல்ல. வெறும் பூச்சு!"

அருகில் போய்ப் பார்த்தேன். கொதிக்கிற சாயத்தில் ஓவியத்துக்கு அடியிலிருந்த பசை கரைந்துவிட்டது. மாலை வானம் தோல் உரிந்து, ஒரு பகுதி சகரியா மாமாவின் பாயில் ஒட்டிக்கொண்டது. அவர் அதைச் சுரண்ட மறுக்கிறார். "தானா வந்த மேகம், இருந்துட்டுப் போகட்டும்" என்கிறார். பின்னாலிருந்த படகுகள் போய்விட்டன. அவற்றின் சொந்தக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். எபனேசர் பாதி நிற்கிறது. "அந்தப் பொண்ணும் இறங்கிட்டா" என்றார் அப்பா, ஹானிபலிடம், ரகசியமாக.

கார்னபி வந்தார். கவிழ்த்து வைத்திருந்த நண்டுக் கூடையின்மேல் உட்கார்ந்தார். "எவ்வளவு நேரம் உள்ளே இருந்தது?" என்று கேட்டார். "மத்த பாய்க்கு எவ்வளவோ அவ்வளவுதான் ஐயா. உங்களுக்குக் குறைச்சு வைப்பனா?" என்றார் அப்பா. கார்னபி எழுந்துபோய்ப் படுத்துக்கொண்டார். நான் படத்தைக் கொண்டுவந்து சமையலறைக் கொடியில் போட்டேன். அப்பா சாப்பிட உட்கார்ந்தார். இரண்டாவது தட்டுக் கேட்டார். மீன் முள்ளை ஒதுக்கிக்கொண்டே, "திங்கட்கிழமை நான் போறேம்மா" என்றார். நான் வாக்கை ஞாபகப்படுத்தினேன். "படம் சுவத்துல இருக்கிற வரைக்கும்னுதானே சொன்னேன்? சுவத்தைப் பாரு." நான் பார்த்தேன். நாலு ஆணித் துளையும் ஒரு வெளிறிய சதுரமும் இருந்தன. "நீங்க வேணும்னே செஞ்சீங்களா?" என்று கேட்டேன். அவருக்கு உண்மையாகவே மனம் நொந்துவிட்டது. "நல்ல கித்தானை யாராவது வேணும்னு கெடுப்பாங்களா? சாயம் போட்டா கெட்டுப்போற கித்தானை எவன் நெய்வான்?" என்றார். நான் அவரை நம்புகிறேன், பாஸ்கோ. அதுதான் என் கஷ்டம்.

இன்று காலை கார்னபி கஞ்சி குடிக்க வந்தபோது மூக்கு சிவந்திருந்தது, மனசு தெளிந்திருந்தது. பென்சிலில் போட்டுவைத்த மாதிரிகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றனவாம். "திங்கட்கிழமை மறுபடி ஆரம்பிக்கிறேன். இந்தத் தடவை வேகமா முடிச்சுடுவேன், கண்ணாடியும் போட்டுத் தர்றேன். பெண் வேண்டாம்" என்றார். அப்பாவும் தலையாட்டிவிட்டார். "போடட்டும். மாட்டுற அன்னிக்கு வந்து உக்காந்துடுறேன். வாக்குன்னா வாக்குதான்." சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார்.

ஆக, நீ செய்ய வேண்டியது இதுதான். அப்பாவுக்குத் தனியாக ஒரு கடிதம் எழுது. கடுமையாக எழுது. மகன் சொன்னால் கேட்பார். மகள் சொன்னால் சிரிக்கிறார். படம் முடிகிற வரைக்கும்கூட அவர் கடலுக்குப் போகக் கூடாது, முடிந்த பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே கூடாது என்று எழுது. பேரப்பிள்ளைகள் பெயரைச் சொல்லி ஆணையிடு. உன் கடிதம் கப்பலேறி இங்கே வருவதற்குள் கிறிஸ்துமஸ் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் எழுது. நான் தனியா எவ்வளவுதான் இழுத்துப் பிடிக்கிறது, சொல்லு? நானும் மனுஷிதானே. காலையில பிள்ளைங்க, சாயங்காலம் அப்பா, நடுவுல ஓவியருக்குக் கஷாயம். எனக்கு நாற்பத்து நாலு முடியப்போகுது. நான் உக்காந்து ஒரு சுவத்தைப் பாத்து எத்தனை வருஷமாச்சு!

கோபித்துக்கொள்ளாதே, களைப்பில் எழுதிவிட்டேன். உன் மனைவிக்கு என் அன்பையும், பிள்ளைகளின் நெற்றிக்கு அத்தையின் முத்தத்தையும் கொண்டுசேர். சுரங்கத்துக்குள் இறங்கும்போதும் ஏறும்போதும் கர்த்தர் உன் தலைக்கு மேல் கையை வைத்திருப்பாராக. அப்பாவின் ஆசீர்வாதங்களையும் சேர்த்தே எழுதுகிறேன். அவர் நேரில் சொல்ல நேரமில்லை, வேலையாக இருக்கிறார்.

உன் பிரியமுள்ள அக்கா,
தாம்சின்

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போனேன். அப்பாவும் ஹானிபலும் வலையை விரித்துப்போட்டு ஓட்டை அடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் அவர்களைத் தாண்டிப் போனபோது, "கண்ணு எங்க வச்சிருக்க? வலையை மிதிக்கிறியே!" என்று அப்பா அதட்டினார். ஹானிபல் சிரித்தான். கோடையிலிருந்து அந்தக் குரலைக் கேட்கவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன். அவருக்கு மூச்சு வாங்குகிறது, அதை நான் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன். வாங்க வாங்கவே ஹானிபலுக்கு முடிச்சுப் போடக் கற்றுக்கொடுத்தார், அவன் போட்டதைப் பிரித்தார், திட்டினார், மறுபடி போடச் சொன்னார். கூடத்து நாற்காலியில் அவர் எனக்காக உட்கார்ந்திருந்தார் என்று நினைக்கிறேன். தூங்கியது நான்.

மேலே கேட்ட கடிதத்தை நீ எழுத வேண்டாம். டாக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. எது நடந்தாலும், தெரிந்துதான் அவரைக் கடலுக்குப் போகவிட்டேன் என்று உனக்கு எழுத்தில் இருக்கட்டும். திங்கட்கிழமை படகுகள் போன பிறகு கார்னபியிடம், படம் வேண்டாம் என்று சொல்லப்போகிறேன். வேறு எதையாவது வரையட்டும், வாளிகள் நிறைய இருக்கின்றன. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. கார்னபியிடமும் சொல்லவில்லை, மாடியில் அவர் புதுக் கித்தானுக்கு ஆணியடிக்கிற சத்தம் கேட்கிறது.